கொஸ்தா அண்ணையின் முதல் இறுதியாட்டம்

கோஸ்டெலைப் பெரிய ஆட்டக்காரன் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். ருமேனியாவில், தளபாடம் செய்கிற ஒரு தொழிற்சாலையின் அணிக்குப் பதினொரு வருடம் உதைபந்து ஆடினான். பதினொரு வருடத்தில் இரண்டு கோல். அதில் ஒன்று சொந்த வலைக்குள்ளேயே போனது. இரண்டிலும் வடிவான கோல் அதுதான் என்று வெட்கமில்லாமல் அவனே சொல்லுவான்.

அவன் நின்றது இடது பின்பக்கம். அங்கே நிற்கிறவனை யாரும் படம் எடுப்பதில்லை. அவனுடைய கோச் ஒரு முரட்டு மனுஷன். ஆட்டம் தொடங்கமுதல் முன்னுக்கு நிற்கிறவர்களுக்கு அரைமணி நேரம் பாடம் எடுப்பான். கோஸ்டெலுக்கு மட்டும் ஒரே சொல். "நில்." நடுக்கோட்டைத் தாண்டாதே, பந்து வந்தால் அடி, வராவிட்டால் சும்மா இரு. கோஸ்டெலும் நின்றான். நின்று நின்று மிஞ்சியது முழங்கால்தான்; அதுவும் பாதி.

ஒரேயொரு தடவை அந்த அணி மாவட்டக் கிண்ணத்தின் இறுதியாட்டத்துக்குப் போனது. அதற்கு முந்திய ஆட்டத்தில் கோஸ்டெலுக்கு இரண்டாவது மஞ்சள் அட்டை விழுந்து, இறுதியாட்டம் ஆடத் தடை. யாரையாவது வெட்டி விழுத்தி வாங்கியிருந்தால் சொல்லிக்கொள்ளவாவது ஒரு கதை இருந்திருக்கும். வெளியே போன பந்தை எறியாமல் நேரத்தை மினக்கெடுத்தியதற்குக் கொடுத்த அட்டை அது. இறுதியாட்டத்தன்று ஜேர்சிக்குப் பதில் கோட்டைப் போட்டுக்கொண்டு, சூரியகாந்தி விதை விற்கிற ஒரு பொம்பிளைக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தான். அணி வென்றது. படம் எடுத்தார்கள். படத்தில் பதினாறு பேர். அவன் இல்லை.

பிறகு தொழிற்சாலையை மூடினார்கள். மனைவி வேறொருத்தனோடு இத்தாலிக்குப் போனாள், அவன் கனடாவுக்கு வந்தான். இரண்டு பேருக்கும் நல்லதுதான் நடந்தது.

ரொறன்ரோவில் அவன் பிடித்த தொழில் கராஜ் கதவு திருத்துவது. மில்லிக்கனில் இருந்து ஒஷாவா வரைக்கும் ஒரு வெள்ளை வான் வண்டியில் ஏணியும் ஸ்பிரிங்குமாகத் திரிவான். இருப்பு டோர்செட் பார்க்கில், மாடிக் கட்டடம் ஒன்றின் ஒன்பதாம் தட்டில். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் வேலை செய்கிற நாளை விரல் விட்டு எண்ணலாம். பாதி முழங்காலோடு ஒன்பது தட்டு ஏறுகிறவனுக்கு வேறு உடற்பயிற்சி தேவையில்லை.

எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வசந்தகாலத்தில் மில்லிக்கனில் சீமோன் என்றவனின் கராஜ் கதவு பாதியில் இறுகிப்போனது. திருத்த வந்தவன் கோஸ்டெல். கதவைத் தூக்கினால் உள்ளே காருக்கு இடமில்லை. வலை நிறையப் பந்து, செம்மஞ்சள் கூம்புகள், கொடியில் காய்கிற பதினெட்டு ஜேர்சி. கோஸ்டெல் ஸ்பிரிங்கைப் பார்க்கவில்லை. ஒரு பந்தை எடுத்து அமுக்கிப் பார்த்து, காற்றுக் கூடிப்போச்சு என்றான். அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்கு வா என்றான் சீமோன். கதைத்தது முழுக்க இங்கிலிஷில். இரண்டு பேரின் இங்கிலிஷும் ஒரே அளவு மோசம் என்பதால் நன்றாக விளங்கிக்கொண்டார்கள்.

அந்த ஜேர்சிகள் சங்குமுனை புனித சூசையப்பர் விளையாட்டுக் கழகத்தின் கனடாக் கிளைக்குச் சொந்தம். மன்னார்ப் பக்கத்துச் சின்னக் கடற்கரை ஊர் அது. ஊரில் இருக்கிற சனத்தைவிட ஸ்காபரோவில் இருக்கிற சனம் கூட. கழகத்தைத் தொடங்கியது சீமோனின் அப்பா. அதனால் தலைமைக் கோச் சீமோன். அவனுக்கு உதைபந்தில் தெரிந்தது சத்தம் போடுவது. பந்து எந்தப் பக்கம் போனாலும் மறுபக்கத்தைப் பார்த்துக் கத்துவான். ஆனால் மனசில் கள்ளமில்லை. தனக்குத் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும். கோஸ்டெலை உதவிக் கோச்சாக வைத்துக்கொண்டது அதனால்தான்.

சங்குமுனையில் கொஸ்தா என்கிற பெயரில் நாலைந்து வீடு உண்டு. கோஸ்டெல் ஒரே கிழமையில் கொஸ்தா அண்ணை ஆகிவிட்டான். தமிழையும் மைதானத்தில்தான் படித்தான். அதனால் அவனுக்கு மரியாதைத் தமிழ் வராது. தலைவரானாலும் பாதிரியாரானாலும் "நீ"தான்.

அவனுடைய வேலைமுறை விசித்திரமானது. ஆட்டம் நடக்கும்போது வாயைத் திறக்கமாட்டான். இடைவேளையில் தண்ணீர்ப் போத்தல்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொருத்தனிடமும் போவான். போத்தலை நீட்டும்போது ஒரு வசனம் சொல்லுவான். ஒரு ஆளுக்கு ஒன்றுதான். "பந்தைப் பார், பொம்பிளையளைப் பாராதை." "உன்ர சப்பாத்தைக் கட்டு." "அவனுக்கு வலது கால் இல்லை, இடது பக்கம் விடாதை." தொடங்கியபோது அதற்குமேல் தமிழ் தெரியாது, அதனால் வந்த பழக்கம். தமிழ் வந்த பிறகும் விடவில்லை. சீமோன் ஒன்றரை மணி நேரம் கத்துவதில் ஒன்றும் தங்காது. கொஸ்தா அண்ணை சொன்ன ஒரு வசனம் வீடு வரைக்கும் வரும்.

இடது பின்பக்கம் நிற்கிறவன் மரியோ. முப்பத்தொரு வயது, எலெக்ட்ரிசியன் வேலை, குதிரைபோல் ஓட்டம். அவனுக்கு எட்டு வருடமாக ஒரே வசனம்தான். "போகாதை."

"வேற ஒண்டும் சொல்லமாட்டீங்களோ, அண்ணை?" என்று மரியோ கேட்டிருக்கிறான்.

"சொல்லுவன். தண்ணி குடி. போகாதை."

இப்படியே ஏழு வருடம் முதல் சுற்றிலேயே தோற்று, நேரத்தோடு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். எட்டாவது வருடம், கடந்த ஆகஸ்டில், என்ன நடந்ததென்று தெரியவில்லை, வெல்லத் தொடங்கினார்கள். ஊர்ச் சங்கங்களின் ஒன்றியம் நடத்துகிற கிண்ணத்தில் முதல் சுற்று, காலிறுதி, அரையிறுதி எல்லாம் தாண்டி, அடுத்த ஞாயிறு இறுதியாட்டம் என்று வந்து நின்றது. எதிர் அணி பக்கத்து ஊர்க்காரர். இரண்டு ஊருக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். ஆனால் கோபம் கடலளவு.

திங்கட்கிழமை காலமை முறைப்பாடு வந்தது. எழுதியவன் பக்கத்து ஊர்க் கழகத்தின் செயலாளர் யூட்சன். ஒன்றியச் சட்டம் பதினான்கு: அணியின் கோச்சும் உதவிக் கோச்சும் அந்த ஊரைச் சேர்ந்தவராகவோ, ஊரவருக்கு நெருங்கிய உறவினராகவோ இருக்கவேண்டும். சங்குமுனையின் உதவிக் கோச் எந்த ஊர், யாருக்கு உறவு என்று கேட்டிருந்தான். மூன்று வருடமாகச் சட்டம் இருக்கிறது. ஒருத்தரும் கேட்டதில்லை. தோற்கிற அணிக்கு யார் தண்ணீர் கொடுத்தால் யாருக்கென்ன?

செவ்வாய்க்கிழமை சீமோனின் பேஸ்மென்டில் கூடினார்கள். கழகத் தலைவர் இக்னேசியஸ், சீமோன், மரியோ, மரியோவின் மனைவி ஸ்டெபனி, அவள் மடியில் ஐந்து மாதக் குழந்தை நடாஷா. கோஸ்டெல் படிக்கட்டில் இருந்தான், முழங்காலை நீட்டிக்கொண்டு.

"உந்தச் சட்டத்தை எந்த விசரன் எழுதினவன்?" என்றான் சீமோன்.

இக்னேசியஸ் தேத்தண்ணியை ஊதினார்.

"அண்ணை, உங்களைத்தான் கேக்கிறன்."

"நான்தான் எழுதினது. நல்ல சட்டம். உவங்கள் அந்தத் தாடிக்காரப் போர்த்துக்கீசனைக் கோச்சாக் கொண்டந்த நேரம் நீரும்தானே கையை உயத்தினனீர்?"

"நான் பாத்ரூம் போகக் கேட்டு உயத்தினனான்."

"அது அதிலை எழுதேல்லை. ஆதரவு எண்டுதான் கிடக்கு."

கோஸ்டெல் படியில் இருந்து சொன்னான்: "சண்டை வேண்டாம். நான் வேலிக்குப் பின்னாலை நிண்டு பாக்கிறன். அங்கை விதை விக்கிற பொம்பிளை வருவாளோ?"

ஒருவருக்கும் விளங்கவில்லை. அப்போதுதான் அந்த மாவட்டக் கிண்ணத்துக் கதையை முதல்முதலாக அவர்களுக்குச் சொன்னான். மஞ்சள் அட்டை, கோட், விதை, பதினாறு பேர் நிற்கிற படம். சிரிப்பு வரட்டும் என்றுதான் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை. முப்பது வருடமாக இறுதியாட்டம் ஒன்றை மைதானக் கோட்டுக்கு உள்பக்கம் நின்று பார்க்காத மனுஷன் பகிடி விட்டால் மட்டும் அந்தக் கவலை மறைந்துவிடுமா?

"ஒண்டு செய்யலாம்," என்றார் இக்னேசியஸ். "ஊரிலை ஒரு பொம்பிளையைக் கட்டினா உறவுதானே."

"அஞ்சு நாளிலையோ?"

"எங்கட ஜெயமலர் சும்மாதானே இருக்கிறாள்." ஜெயமலர் அவருடைய தங்கச்சி, புருஷன் செத்து ஆறு வருடம்.

"மாமி சும்மா இருக்கிறா எண்டு ஆர் சொன்னது?" என்றாள் ஸ்டெபனி. "அவ நிம்மதியா இருக்கிறா. போய்க் குழப்பாதேங்கோ."

அவள் குழந்தையைத் தோளுக்கு மாற்றினாள். பிறகு குழந்தையைப் பார்த்தாள். பிறகு கோஸ்டெலைப் பார்த்தாள்.

"நடாஷான்ர ஞானஸ்நானத்தை இந்தச் சனிக்கிழமைக்கு மாத்தினா என்ன?"

சங்குமுனையில் ஞானத்தகப்பன் என்றால் விளையாட்டில்லை. பெற்ற தகப்பனுக்குப் பிறகு அவன்தான். கலியாணப் பேச்சு முதலில் அவன் காதுக்குப் போகவேண்டும். செத்தவீட்டில் முதல் வரிசை அவனுக்கு. அந்த உறவை இல்லையென்று சொல்ல ஊரில் ஒருத்தருக்கும் வாய் வராது. எல்லாருக்கும் உடனே விளங்கிவிட்டது. விளங்கியதும் எல்லாரும் சீமோனைப் பார்த்தார்கள். நடாஷாவுக்கு ஞானத்தகப்பனாக நிற்கப்போவது சீமோன் என்று அவள் பிறக்கமுதலே முடிவாகியிருந்தது.

 

"நான் பிள்ளைக்குச் சங்கிலி வாங்கிட்டன்," என்றான் சீமோன், முதல்தடவையாகச் சத்தம் போடாமல்.

"சங்கிலியைப் போடுங்கோ, சீமோன் அண்ணை. ஆர் வேண்டாமெண்டது?" என்றாள் ஸ்டெபனி.

"சூட்டும் தைச்சிட்டன்."

"சூட்டைப் போட்டுக்கொண்டு முன் வாங்கிலிலை இருங்கோ."

சீமோன் எழும்பிப் போய்ப் பந்து வலையை ஒருதரம் உதைத்தான். "சரி," என்றான். "ஆனா அடுத்த பிள்ளை எனக்கு."

"அடுத்ததோ? பெத்துக் குடுக்கிறது நீங்களோ?"

இவ்வளவுக்கும் சம்பந்தப்பட்டவனை ஒருவரும் கேட்கவில்லை. கோஸ்டெல் கைப்பிடியைப் பிடித்து எழும்பினான்.

"ஸ்டெபனி, நீ சொல்லு. இது பொய்யோ? ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு தகப்பன், திங்கட்கிழமை முடிஞ்சுதோ?"

"முடியாது, அண்ணை. இனி ஒவ்வொரு பேத்டேக்கும் வரவேணும். பள்ளிக்கூடத்துக்குச் சப்பாத்து வாங்கிக் குடுக்கவேணும். பதினாறு வயசிலை அவள் உங்கட வானைத்தான் ஓடிப் பழகுவாள்."

கோஸ்டெல் கணக்குப் போட்டான். அப்போது தனக்கு அறுபத்தொன்பது.

"பழகட்டும்," என்றான். "பிரேக் கொஞ்சம் பிழை. முதல் அதைச் செய்யிறன்."

அடுத்த தலையிடி பாதர். கோஸ்டெல் ருமேனிய ஓர்த்தொடொக்ஸ் சபை. கத்தோலிக்க ஞானத்தாய் ஒருத்தி பக்கத்தில் நின்றால், ஓர்த்தொடொக்ஸ்காரன் ஞானத்தகப்பனாக நிற்கலாம் என்று பாதர் புத்தகத்தைப் புரட்டிவிட்டுச் சொன்னார். ஞானத்தாய்க்கு ஜெயமலர் வந்தாள். கலியாணம் பேசின கதை அவள் காதுக்கும் போயிருந்தது. கோஸ்டெலை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிள்ளையைத் தலைகீழாப் பிடிச்சிடாதையும்," என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமை கோயிலில் பாதர் முறைப்படி கேட்டார், சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று. எல்லாரும் "விட்டுவிடுகிறேன்" என்றார்கள். கோஸ்டெல் ஒற்றை வசனக்காரன் அல்லவா.

"விட்டிட்டன், பாதர். எப்பவோ."

பாதர் இருமினார். முன் வாங்கிலில் புதுச் சூட்டோடு இருந்த சீமோன் மூக்கைத் துடைத்தான். தண்ணீர் தலையில் பட்டதும் நடாஷா அழவில்லை. ஞானத்தகப்பனின் கழுத்துப்பட்டியைப் பிடித்து வாய்க்குள் வைத்தாள்.

ஞாயிறு மத்தியானம் மைதானத்தில் ஒன்றியத்தின் கூடாரத்துக்குள் விசாரணை. ஒன்றியச் செயலாளர் சிவபாதம். ஓய்வுபெற்ற ஆள், ஒரு கமா பிழைத்தாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறவர். முன்னால் பைல், ஒரு பக்கம் யூட்சன், மறுபக்கம் இக்னேசியஸும் சீமோனும் கோஸ்டெலும். வெயிலுக்கு ஒதுங்கின சனமும் உள்ளே நின்றது. அதற்குள் பக்கத்து ஊர் அணியின் முகாமையாளர், தொப்பை வைத்த மனுஷன், ரோல்ஸ் தட்டோடு நின்று ஆறுதலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்கள் சங்குமுனையாருக்கு என்ன உறவு?" என்று சிவபாதம் கேட்டார்.

"நான் மரியோன்ர மகளுக்கு ஞானத்தகப்பன். நீ பாதரைக் கேள்."

சிவபாதத்தின் புருவம் மேலே போனது. அவரை "நீ" என்று கூப்பிட்ட கடைசி ஆள் அவருடைய அம்மாவாக இருக்கும். பாதர் எழுதித் தந்த துண்டை இக்னேசியஸ் அவசரமாக நீட்டினார்.

"ஐயா, திகதியைப் பாருங்கோ," என்றான் யூட்சன். "நேற்று. நேற்றுச் செய்த உறவு உறவோ?"

"திகதிக்குச் சட்டத்திலை இடமில்லை," என்றார் சிவபாதம். "ஆனா எனக்கு ஒண்டு விளங்கேல்லை. நான் சைவம். ஞானத்தகப்பன் எண்டா உங்களுக்குள்ளை நெருங்கின உறவோ, இல்லாட்டிச் சும்மா ஒரு சடங்கோ? நீர்தானே முறைப்பாடு குடுத்தனீர், யூட்சன். நீரே சொல்லும்."

யூட்சன் வாயைத் திறந்தான். "சும்மா ஒரு சட..." என்று தொடங்கினான். அந்த நேரம் ரோல்ஸ் கடிக்கிற சத்தம் நின்றுபோனது.

தொப்பைக்கார முகாமையாளர் யூட்சனின் ஞானத்தகப்பன். யூட்சனைக் கனடாவுக்குக் கூப்பிட்டவரும் அவர்தான், கலியாணத்துக்கு மோதிரம் போட்டவரும் அவர்தான். தட்டைக் கையில் பிடித்தபடி ஞானமகனைப் பார்த்துக்கொண்டு நின்றார். கண்ணைச் சிமிட்டவில்லை.

"சொல்லு, தம்பி," என்றார். "நானும் கேக்கிறன்."

 "நெருங்கின உறவுதான், ஐயா," என்றான் யூட்சன், மேசையைப் பார்த்து.

சிவபாதம் பைலில் எழுதினார். அட்டை ஒன்றைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுக் கயிறு கட்டிக் கோஸ்டெலிடம் நீட்டினார். அதில் எழுதியிருந்தது: கோஸ்டெல் சோபொத்தாரு, சங்குமுனை, உதவிக் கோச். "இனி என்னோடை கதைக்கேக்கை 'நீங்கள்' எண்டு சொல்லும்," என்றார்.

"சரி," என்றான் கோஸ்டெல். "நீ நல்ல மனுஷன்."

இறுதியாட்டம் மூன்று மணிக்குத் தொடங்கியது. கோஸ்டெல் கோட்டுக்கு உள்பக்கம், வாங்கில் நுனியில், அட்டையைச் சட்டைக்கு வெளியே எடுத்து விட்டுக்கொண்டு இருந்தான். யாராவது கடந்து போனால் அட்டையை அவர்கள் பக்கம் திருப்பி விட்டான். முதல் பாதி ஒரு கோலும் இல்லை. சீமோன் முதல் பத்து நிமிடத்திலேயே தொண்டையை முடித்துவிட்டு, மிச்ச நேரம் காற்றை மட்டும் ஊதினான்.

வெயில் என்றபடியால் இரண்டாம் பாதி நடுவிலும் தண்ணீர் குடிக்க ஆட்டத்தை நிறுத்தினார்கள். கோஸ்டெல் போத்தல்களோடு போனான். ஒவ்வொருத்தனுக்கும் ஒரு வசனம். கடைசியாக மரியோ. மரியோ தண்ணீரை வாங்கிக்கொண்டு, "போகாதை, தெரியும்," என்றான்.

கோஸ்டெல் மைதானத்தின் மறுமுனையைப் பார்த்தான். எதிர் அணியில் மரியோவுக்கு நேரே காவல் நிற்கிறவன் பத்து நிமிடமாக இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறான். வாயால் மூச்சு வாங்குகிறான். பதினொரு வருடம் அதே மாதிரி ஒரு மூலையில் நின்றவனுக்கு, அங்கே நிற்கிறவன் களைத்தால் எப்படி இருக்கும் என்று தெரியாதா?

"போ," என்றான்.

"என்னண்ணை?"

"போ. கோட்டைத் தாண்டு."

"நான் போனா பின்னாலை ஆர்?"

"ஒருதரும் இல்லை. அதாலை கெதியாப் போ."

திரும்பி வந்து வாங்கிலில் குந்தமுதலே ஸ்டெபனி ஓடி வந்தாள். புருஷன் முன்னுக்கு நகர்கிறதை அவள் கண்டுவிட்டாள். "பிடியுங்கோ, உங்கட மகளை," என்று நடாஷாவை அவன் கையில் வைத்துவிட்டுக் கோட்டோரமாக, சீமோனுக்கு வராத சத்தத்தையெல்லாம் தான் போட்டுக்கொண்டு ஓடினாள். நடாஷா ஞானத்தகப்பனைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துவிட்டு, குடித்த பால் முழுவதையும் அந்தப் புது அட்டையின் மேல் கக்கினாள்.

கோஸ்டெல் அட்டையைப் பார்க்கவில்லை. குனிந்து, தோளில் கிடந்த துவாயால் பிள்ளையின் வாயையும் கழுத்து மடிப்பையும் துடைத்தான். சங்கிலியில் பால் ஒட்டியிருந்தது, அதையும் துடைத்தான். அப்போதுதான் மைதானமே இடிந்து விழுந்ததுபோல் சத்தம் எழும்பியது. நிமிர்ந்தபோது மரியோவின் மேல் எட்டுப் பேர் கிடந்தார்கள். எதிர் வலைக்குள் பந்து உருண்டுகொண்டிருந்தது.

அந்த ஒரு கோலோடு ஆட்டம் முடிந்தது.

சீமோன் போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். குரல் இல்லை, மூச்சால் கதைத்தான். "நீர் காணேல்லை. எல்லாம் இதிலை கிடக்கு. பாரும், பாரும்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்? நூறு பேர் எடுத்திருக்கிறாங்கள்."

"எனக்குத் தெரியும்," என்றான் கோஸ்டெல். "நான்தானே போ எண்டனான்."

கிண்ணம் வாங்கினார்கள். இக்னேசியஸ் மைக்கைப் பிடித்து, சட்டம் பதினான்கைப் போல நல்ல சட்டம் உலகத்திலேயே இல்லை என்று பேசினார். முகாமையாளர் யூட்சனின் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்து எல்லாருக்கும் கை கொடுக்க வைத்தார். பிறகு படம் எடுக்க நிரைக்கு நின்றார்கள். கோஸ்டெல் பழக்கத்தில் ஒதுங்கி வேலிப் பக்கம் நடந்தான். சீமோன் போய்ச் சேட்டுக் கொலரில் பிடித்து இழுத்து வந்து நடுவில் நிறுத்தினான்.

படத்தில் பத்தொன்பது பேர், நடாஷாவோடு இருபது. கோஸ்டெல் நடுவில், ஒரு கையில் பிள்ளை, மறுகை கிண்ணத்தில், கழுத்தில் பால் காய்ந்த அட்டை. கண் இரண்டும் மூடியிருந்தது.

"கொஸ்தா அண்ணை கண்ணை மூடிட்டார், இன்னொண்டு எடுப்பம்," என்றான் மரியோ.

கோஸ்டெல் போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தான். விரலால் ஒவ்வொரு தலையாக எண்ணினான். தன்னுடைய தலை வந்ததும் விரலை நிறுத்தினான்.

"காணும்," என்றான். "இது போதும். இதையே எனக்கு அனுப்பு."